புள்ளி உருளை திடீரென எதிர்ப்பக்கம் சுழல்வது ஏன்?

உங்கள் நிரலில் பிழை இல்லை. தண்டையார்பேட்டைப் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்த புள்ளி உருளை (திரையில் நகரும் புள்ளிகள் மட்டுமே சேர்ந்து சுழலும் உருளைபோலத் தெரியும் படம்), பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் சுழல்வதாகக் கேட்டிருந்தீர்கள். திசை மாறுவது திரையில் இல்லை, பார்க்கிறவர் மூளையில்.

எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவில், தூரக் கணக்கு இல்லாமல் வரைந்திருப்பீர்கள். அப்போது வலப்பக்கம் நகரும் புள்ளிகள் முன்சுவரா பின்சுவரா என்று சொல்லப் படத்தில் எதுவுமே இல்லை. இரண்டும் சரியான விடைதான், மூளை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறது. 1979-இல் பார்வை ஆய்வாளர் உல்மன் இதைக் கணக்காகவே காட்டினார்: வடிவம் மாறாத பொருளில், ஒரே தளத்தில் அமையாத 4 புள்ளிகளை 3 கோணங்களில் பார்த்தால் அதன் வடிவம் கிடைத்துவிடும். முன்பின் குழப்பம் மட்டும் தீராது.

சோதித்துப் பாருங்கள். முட்டை வாங்கும் கம்பிக்கூடையை மொட்டைமாடியில் நூலில் தொங்கவிட்டு முறுக்கி விடுங்கள். காலை வெயிலில் அதன் நிழல் வெள்ளை வேட்டியில் விழட்டும். கூடை நின்றால் வெறும் கோடுகள், சுழன்றால் நிழலே உருண்டு திரண்டு நிற்கும். காசிமேட்டில் அக்கா மகளோடு செய்தேன். அவளுக்கு இடமாகச் சுழன்றது, அதே நேரம் எனக்கு வலமாக! 1953-இல் உளவியலாளர்கள் வாலக்கும் ஓ'கானலும் செய்ததும் இப்படிக் கம்பி நிழல்களை வைத்துத்தான்.

சரி, திரையில் இந்தத் திசைமாற்றத்தை நிறுத்த வேண்டுமென்றால் அருகிலுள்ள புள்ளிகளைப் பெரிதாகவும் வேகமாகவும், தூரத்தில் உள்ளவற்றைச் சிறிதாகவும் வரையுங்கள். அந்த வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் அப்போதும் சிலருக்குத் திரும்பும்.

நானாக இருந்தால் திருத்தவே மாட்டேன். பிள்ளைகளை இருவர் இருவராக நிறுத்தி, எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கேட்பேன்.