நோட் எக்ஸ்போர்ட்டர் ஆர்பிஎம்: ஆர்பிஎம்பில்டில் ஓடுவது மாக்கில் ஏன் விழுகிறது?

கேள்வி இதுதான்: மண்டபம், பாம்பன், தொண்டி பக்கத்து ஐஸ் பிளான்ட்டுகளில் உள்ள ராக்கி லினக்ஸ் 9 மெஷின்களை ராமநாதபுரத்திலிருந்து புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் வைத்துக் கண்காணிக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினின் அளவுகளையும் அதற்குத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரை நாமே ஆர்பிஎம் பேக்கேஜ் ஆக்கினால், நேரடியாகக் கட்டும் ஆர்பிஎம்பில்டில் முடிகிறது, தனிச்சூழலில் கட்டும் மாக்கில் நின்றுபோகிறது.

மாக் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. ஒவ்வொரு பில்டுக்கும் புதுக் குரூட் (மெஷினிலிருந்து பிரித்த தனி ஃபோல்டர் சூழல்) ஒன்றைப் போட்டு, அடிப்படைப் பேக்கேஜ்களோடு ஸ்பெக்கில் (பேக்கேஜ் கட்டும் வழிமுறை ஃபைல்) பில்ட்ரிக்வயர்ஸ் என்று எழுதியதை மட்டும் ஏற்றி, நெட்டை மூடிவிட்டுத்தான் கம்பைல் செய்யும். நோட் எக்ஸ்போர்ட்டர் கோ மொழி ப்ராஜெக்ட். பில்டின் நடுவே மாட்யூல்களை இணையத்திலிருந்து இழுக்கப் பார்க்கும். உங்கள் மெஷினில் அவை ஏற்கெனவே கேஷில் கிடந்திருக்கும். மாக்கில் நெட்டைத் திறந்துவிடும் ஆப்ஷன் உண்டு, தொடாதீர்கள். அப்படிக் கட்டினால் எஸ்ஆர்பிஎம்மை (சோர்ஸும் ஸ்பெக்கும் அடங்கிய பேக்கேஜ்) மட்டும் கையில் வைத்திருப்பவர் நெட் இல்லாமல் அதை மறுபடி கட்டவே முடியாது.

ஆகவே சோர்ஸை மாக்குக்கு வெளியே விரித்து, தேவையான மாட்யூல்களை ஒரே ஃபோல்டரில் சேர்க்கும் 'கோ மாட் வெண்டர்' ஓட்டுங்கள். வரும் வெண்டர் ஃபோல்டரை டார் ஆக்கி சோர்ஸ்1 என்று ஸ்பெக்கில் சேருங்கள். ஸ்பெக்கின் ப்ரெப் பகுதியில் இரண்டு டாரையும் விரித்து, கோ பில்டுக்கு 'மாட்=வெண்டர்' கொடுங்கள். இதற்குப் பிறகும் விழுந்தால் கோ.மாட் ஃபைலில் கேட்டிருக்கும் கோ வெர்ஷனைப் பாருங்கள். டிஸ்ட்ரோவில் இருப்பது அதைவிடப் பழசு என்றால், அதற்குப் பொருந்தும் முந்தைய நோட் எக்ஸ்போர்ட்டர் வெளியீட்டை எடுங்கள். 'டீபக்சோர்ஸ்ஃபைல்ஸ் காலி' என்று எரர் வந்தால் டீபக்_பேக்கேஜ் மேக்ரோவை நில் ஆக்கினால் போதும்.

பில்ட் முடிவது பாதி வேலை. அப்டேட்டில்தான் மீதி தெரியும். நோட் எக்ஸ்போர்ட்டரின் ஃப்ளாக்குகளை (ஓடும்போது கொடுக்கும் ஆப்ஷன்கள்) வைக்கும் சிஸ்கான்ஃபிக் ஃபைலுக்கு %கான்ஃபிக்(நோரீப்ளேஸ்) போடாவிட்டால், அடுத்த வெர்ஷனில் அந்த ஃபைல் மாறி வரும்போது ஒவ்வொரு பிளான்ட்டிலும் நீங்கள் திருத்தி வைத்தது ஓரம்போய்விடும். ஸ்பெக்கின் போஸ்ட்அன் பகுதியில் (பழைய பேக்கேஜ் நீங்கியபின் ஓடுவது) ரீஸ்டார்ட் செய்யும் சிஸ்டம்டி மேக்ரோவைப் போடுங்கள்; இல்லையென்றால் புதுப் பைனரி டிஸ்க்கில் கிடக்க, பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

ஐஸ் பிளான்ட்டில் முக்கியமான அளவு சிபியு அல்ல, கோல்டு ரூம் டெம்பரேச்சர். அதை, ஃபைலில் எழுதிய அளவுகளைப் படித்துத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர் வழியாகக் கொண்டுவரலாம். அதற்கான ஃபோல்டரைப் பேக்கேஜே உருவாக்கட்டும். சென்சார் ஸ்கிரிப்ட் ஓடும் குரூப்புக்கு எழுதும் உரிமை கொடுங்கள். ஸ்கிரிப்ட் நேராகக் கலெக்டர் படிக்கும் .ப்ராம் ஃபைலில் எழுதக்கூடாது. அதே ஃபோல்டரில் வேறு பெயரில் எழுதி முடித்துப் பெயர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாதி எழுதிய ஃபைலைக் கலெக்டர் படித்துவிடும். இன்னொரு ஆபத்து: கரன்ட் போய் வந்தபின் ஸ்கிரிப்ட் எழாமல் கிடந்தாலும் பழைய ஃபைல் அப்படியே இருக்கும். இறால் உருகிக்கொண்டிருக்க, டாஷ்போர்டு மைனஸ் 18 என்று பச்சையாகக் காட்டும். ஆகவே டெம்பரேச்சருக்கு அலர்ட் வைப்பதற்கு முன்பே, ஃபைல் கடைசியாக எழுதப்பட்ட நேரத்தைத் தரும் நோட்_டெக்ஸ்ட்ஃபைல்_எம்டைம்_செகண்ட்ஸ் அளவுக்கு அலர்ட் வையுங்கள்.

முடிந்த ஆர்பிஎம்மைக் கையெழுத்திட்டு, கிரியேட்ரெப்போ_சி ஓட்டி ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்) ஆக்குங்கள். சிக்னல் தேறாத இடத்துக்கு அதே ஃபோல்டரைப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். பேக்கேஜ்களை நிறுவும் டிஎன்எஃப் கருவி ஃபைல் பாதையையும் ரெப்போவாக ஏற்கும். சாவி பழசாக இருந்து ஷா-1 என்ற பழைய முறையில் கையெழுத்து போட்டால் ராக்கி 9 அதை ஏற்காது. கூடுதல் பேக்கேஜ்கள் தரும் ஈப்பெல் ரெப்போவும் இருக்குமானால் உங்கள் ரெப்போவுக்கு ப்ரையாரிட்டி 10 என்று கொடுங்கள். இயல்பு 99, எண் குறைந்தால்தான் முன்னுரிமை.

சில பிளான்ட்டுகளில் பில்லிங்குக்கு வாங்கிய கோர் 2 டியோ சிபியு உள்ள பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடும். எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத இதுபோன்ற சிபியுவில் ராக்கி 9 ஏறவே ஏறாது. அவற்றுக்கு ராக்கி 8 தான். 2029 மே வரை அப்டேட் உண்டு. அதே எஸ்ஆர்பிஎம்மை மாக்கில் 8-க்கான கான்ஃபிக் கொடுத்துத் தனியாகக் கட்டுங்கள்; 9-க்குக் கட்டியதை அங்கே போடாதீர்கள்.