சாலைப் பழுதுகளைக் கைப்பேசியில் படமெடுத்து வரைபடத்தில் குறித்தால் பராமரிப்புக்கு அது போதுமா? வண்டியின் குலுக்கத்தை அளக்கும் செயலிகள் உதவுமா?

போதாது. குழிகளைப் படமெடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்தால் கிடைப்பது புகார்ப் பட்டியல். நாளைக்கு எங்கே ஒட்டுப் போட வேண்டும் என்று அது சொல்லும். இந்த ஆண்டு எந்தச் சாலையில் கை வைத்தால் பணம் மிச்சமாகும் என்று சொல்லாது. பராமரிப்புத் திட்டத்துக்குத் தேவைப்படுவது இரண்டாவது கேள்விக்கான பதில். சாலைக் கணக்கெடுப்பில் வேலை செய்பவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குழி என்பது பழுதின் கடைசிக் கட்டம். கனரக வண்டிகள் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும்போது தார் அடுக்கு வளைந்து நிமிர்கிறது. நாளடைவில் சக்கரத் தடத்தில் மயிரிழை விரிசல்கள் தோன்றுகின்றன. அவை கிளைவிட்டு ஒன்றோடொன்று சேர்ந்தால் முதலைத்தோல் விரிசல். அதன் வழியே நீர் இறங்கி அடித்தளத்தை இளக்குகிறது; துண்டுகள் பெயர்கின்றன; அதற்குப் பிறகுதான் குழி. குழியை மட்டும் எண்ணுகிறவர் இதற்கு முன் நடந்த அனைத்தையும் தவறவிட்டிருப்பார்.

ஆகவே ஒவ்வொரு பழுதுக்கும் மூன்று விவரங்கள் வேண்டும்: என்ன வகை, எவ்வளவு தீவிரம், எவ்வளவு பரப்பு. 1970களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையினர் உருவாக்கிய பிசிஐ என்ற மதிப்பெண் முறை இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. பழுதில்லாத சாலைக்கு 100; பழுதுகளுக்கு ஏற்பக் கழித்துக்கொண்டே வந்தால் பாழானதற்கு 0. தார்ச்சாலையை ஏறத்தாழ 225 சதுர மீட்டர் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, மாதிரிக்குத் தேர்ந்தெடுத்தவற்றை நடந்தே பார்ப்பார்கள். முதலைத்தோல் விரிசலைச் சதுர மீட்டரிலும், நீளவாட்டு விரிசலை மீட்டரிலும், குழிகளை எண்ணிக்கையிலும் குறிக்க வேண்டும். ஒரே கட்டத்தில் பல பழுதுகள் இருந்தால் கழிவு மதிப்பெண்களை அப்படியே கூட்டிவிடக் கூடாது. கூட்டுத்தொகையைத் திருத்திக்கொள்ள அதற்கென்று வளைவரைகள் உண்டு.

இவற்றில் வகைதான் முக்கியம். சாலைக்குக் குறுக்கே இடைவெளி விட்டு வரும் விரிசல்கள் பெரும்பாலும் குளிரில் சுருங்குவதால் வருபவை. அவற்றை அடைத்துவிட்டால் சாலை இன்னும் பல காலம் உழைக்கும். சக்கரத் தடத்தில் முதலைத்தோல் தெரிந்தால் சாலை தன் மேல் ஓடும் வண்டிகளின் பாரத்தைத் தாங்கவில்லை என்று பொருள். அதன் மேல் தார் பூசுவது வீண், தோண்டித்தான் சரிசெய்ய வேண்டும். ஓரம் உடைந்திருந்தால் சாலையை விட்டுவிட்டு முதலில் வடிகாலைப் பாருங்கள். படத்தில் எல்லாமே கறுப்புக் கோடுகளாகத் தெரியலாம், மருந்து மட்டும் வேறு வேறு.

அடுத்தது இருப்பிடம். பெரும்பாலான வரைபடங்கள் கெடுவது இங்கேதான். திறந்த வானத்தின் கீழேயே கைப்பேசி ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குத் தவறலாம்; உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். வண்டிகள் வரிசையாக ஓடும் ஒரு தடத்தின் (லேன்) அகலமோ மூன்றரை மீட்டர்தான். பழுது எந்தத் தடத்தில், எந்தத் திசையில் என்பதைக் கையால் பதியாவிட்டால், புள்ளி பக்கத்துத் தடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் முதலில் சாலையை மாறாத எண் கொண்ட துண்டுகளாகப் பிரித்துவிடுங்கள். தொடக்கப் புள்ளியிலிருந்து அளவுச் சக்கரத்தால் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே துண்டை ஒப்பிட முடிந்தால்தான் பழுது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று தெரியும்.

குலுக்கத்தை அளக்கும் செயலிகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவை அளப்பது கரடுமுரடை. அதற்கு ஐஆர்ஐ என்ற பன்னாட்டு அளவு இருக்கிறது. 1982இல் பிரேசிலில் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் உருவானது, ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லப்படுவது. முறையான கருவியில் அது மதிப்புள்ள எண். கைப்பேசியிலோ வண்டி, வேகம், டயர் காற்று, கைப்பேசி வைத்த இடம் என எது மாறினாலும் எண்ணும் மாறும். ஓட்டுநர் பழக்கத்தில் குழியை ஒதுக்கி ஓட்டுவார், குழி பதிவாகாது. மேன்ஹோல் மூடியும் பாலத்து இணைப்பும் தவறாமல் பதிவாகும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, விரிசல் விட்ட சாலையில்கூட வண்டி வழுக்கிக்கொண்டு போகும் என்பது. நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய கட்டமே அதுதான்.

படத்தைப் பார்த்துப் பழுதைக் கண்டறியும் மென்பொருள்கள் இதைவிடப் பயனுள்ளவை. 2018இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காரின் முகப்பில் வைத்த கைப்பேசி எடுத்த 9,053 சாலைப் படங்களைப் பழுது வகை குறித்துப் பொதுவில் வெளியிட்டார்கள். அதன் பிறகு இந்தத் துறை வேகமெடுத்தது. முதல் சல்லடையாக மென்பொருளைப் பயன்படுத்தலாம். மர நிழலையும் ஏற்கெனவே அடைத்த விரிசலையும் புதிய விரிசல் என்று அது சொல்லக்கூடும் என்பதால் ஆள் சரிபார்க்க வேண்டும்.

ஆள் என்றவுடன் இன்னொன்று. ஒருவர் ‘நடுத்தரம்’ என்பதை மற்றொருவர் ‘கடுமை’ என்பார். தொடங்கும் முன் எல்லோரும் ஒரே துண்டைத் தனித்தனியே மதிப்பிட்டு, தாள்களை ஒப்பிட்டு, வேறுபாட்டைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்து சாலை காயும் வேளையில் போனால் நல்லது: மேற்பரப்பு வெளுத்த பிறகும் விரிசல்கள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கறுப்பாகத் தெரியும். போக்குவரத்தைக் கவனிக்க மட்டும் ஓர் ஆள் தனியாக நிற்கட்டும்.

வரைபடம் தயாரானதும், மதிப்பெண் மிகக் குறைந்து சிவப்பாக இருக்கும் சாலைகளுக்கு முதலில் செலவிடத் தோன்றும். என் கருத்தில் அது தவறான வரிசை. மதிப்பெண் 20க்கு இறங்கிய சாலையை எப்படியும் புதிதாகப் போட வேண்டும். இன்னும் ஓராண்டு கழித்தும் பெரும்பாலும் அதே வேலைதான். அதுவரை ஆபத்தான குழிகளை மட்டும் அடைத்து வையுங்கள். 60, 70 என்று நிற்கும் சாலைக்கு இப்போது விரிசல் அடைப்போ மெல்லிய மேலடுக்கோ போதும். அவற்றைத் தனி நிறத்தில் காட்டி, அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.