சொரியாசிஸுக்குப் பத்தியம் மட்டும் போதுமா? சேலத்துக் கேள்விகளும் என் பதில்களும்

அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். உணவியல் படித்தவள், மருத்துவர் அல்ல. 19 வருடமாக எனக்கே முழங்கையிலும் தலையிலும் சொரியாசிஸ் உண்டு. சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்களே, அதுதான். இந்த நோய்க்கு என்ன சாப்பிடலாம், எதை விடலாம் என்று சேலம் பக்கத்திலிருந்து எனக்கு வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (அம்மாபேட்டை): அக்கா, வயது 41, தறி வேலை. இரண்டு முழங்கையிலும் படை. கத்திரிக்காய், கருவாடு, புளி, தக்காளி எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து மாதமாகிறது. படை அப்படியே இருக்கிறது, நாக்குதான் செத்துப்போச்சு. இன்னும் எதை விடணும்?

பதில்: எதையும் விட வேண்டாம் தம்பி. விட்டதில் பாதியைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கத்திரிக்காய் தின்றால் சிலருக்கு அரிக்கும். அது ஒவ்வாமை. சொரியாசிஸ் வேறு. தோலின் மேல்பகுதி புதிதாக முளைத்து உதிர்வதற்குச் சாதாரணமாக ஒரு மாதம் ஆகும். நமக்கு அது மூன்று முதல் ஐந்து நாளில் நடந்துவிடுகிறது. உதிர நேரமில்லாமல் அடுக்கடுக்காகச் சேர்வதுதான் அந்த வெள்ளைச் செதில். இதைத் தூண்டுவது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி. தக்காளி, கத்திரிக்காயை நிறுத்தினால் இது அடங்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை.

ஒரு குறிப்பிட்ட பண்டம் உங்களுக்கு ஆகவில்லை என்ற சந்தேகம் இருந்தால் அதை மட்டும் ஆறு வாரம் நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படையைப் படம் எடுங்கள். பிறகு அந்தப் பண்டத்தை மறுபடி சாப்பிட்டுப் பாருங்கள். இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். இறங்கும் நேரத்தில் எதை விட்டிருந்தோமோ அதற்குப் பழி போய்ச் சேரும். ஊரில் உலவும் பத்தியப் பட்டியல்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவை என்பது என் எண்ணம்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் கேட்க நினைத்தது சாப்பாட்டைப் பற்றியே அல்ல. தறியில் உட்காரும்போது முழங்கை எதிலாவது உரசுகிறதா? உரசும் இடத்திலும் காயம் பட்ட இடத்திலும் புதுப் படை வருவது இந்த நோயின் குணம். பருத்தித் துணியை மடித்துக் கட்டிப் பாருங்கள். களிம்பை விடாதீர்கள்.

கேள்வி (ஐந்து ரோடு): எடை 92 கிலோ, உயரம் 165 செ.மீ. மாத்திரை இல்லாமல் உணவிலேயே சரிசெய்ய முடியுமா மேடம்?

பதில்: இத்தனை கேள்விகளில் உணவால் உறுதியாகப் பலன் எதிர்பார்க்கக்கூடியவர் நீங்கள்தான். உடம்பில் கூடுதலாகச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளையின் மருத்துவக் குழு 2018-இல் உணவு பற்றிய ஆய்வுகளை அலசியபோது அழுத்தமாகச் சொன்னது இதைத்தான்: எடை கூடியவர்கள் சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்க வேண்டும். ஆனால் அதையும் சிகிச்சையோடு சேர்த்துத்தான் சொன்னார்கள், அதற்குப் பதிலாக அல்ல.

முதல் குறி 5 கிலோ. சேலத்துக்காரரிடம் தட்டுவடை செட்டை விடச் சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். வாரம் ஒருநாள் வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பரோட்டா போகட்டும். ஜவ்வரிசி நம் ஊர்த் தொழில்தான், ஆனாலும் அது வெறும் மாவுச்சத்து. கேழ்வரகுக் களி நல்லது என்று மூன்று உருண்டை சாப்பிட்டால் கணக்கு அங்கேயே இடிக்கும். ஒரு உருண்டை போதும், கீரைக் கடைசலைக் கூட்டிக்கொள்ளுங்கள். சுண்டல், முட்டை, மத்தி மீன் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். மீன் எண்ணெய் மாத்திரைக்குக் காசு கொட்ட வேண்டாம், ஆய்வுகளில் அதற்குப் பெரிய பலன் தெரியவில்லை.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): கோதுமையை நிறுத்தினால் குணமாகும் என்று காணொளியில் பார்த்தேன். உண்மையா அக்கா?

பதில்: எல்லோருக்கும் இல்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் சிலருக்கு உண்டு. சொரியாசிஸ் உள்ளவர்களிடம் அது சற்று அதிகம் காணப்படுகிறது. இரத்தப் பரிசோதனையில் அதற்கான அறிகுறி இருந்தால் நிறுத்துவதில் அர்த்தம் இருக்கிறது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்திவிட்டுப் போனால் ஒன்றும் தெரியாது. அப்படி நிறுத்தும்படி ஆனால் சப்பாத்தி, ரவை, பிஸ்கட்டோடு பெருங்காய டப்பாவையும் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். இட்லியும் சோறும் தின்று வளர்ந்த நமக்கு மற்றபடி கஷ்டம் இல்லை.

கேள்வி (ஏற்காடு): காபித் தோட்டத்தில் வேலை. மார்கழி, தை வந்தால் கால் முழுக்க வெடிக்கிறது. காபி குடிப்பதாலா அம்மா?

பதில்: காபி மேல் பழி போடாதீர்கள். நீங்கள் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். குளிரும் மூட்டமுமாக வெயிலே முகம் காட்டாத நாட்கள் வரும். குளிர்காலத்தில் தோல் வறண்டு இந்த நோய் ஏறுவது வழக்கம். அடிவாரத்தில் இருக்கும் எனக்கே அந்த மாதங்களில் தலையில் செதில் கொட்டும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். வெதுவெதுப்பாகக் குளித்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். வெயில் வரும் நாளில் கொஞ்ச நேரம் காலைக் காட்டி உட்காருங்கள், தோல் சிவக்கும் வரை வேண்டாம்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): மாம்பழம் சூடு, சாப்பிடவே கூடாது என்கிறார்களே?

பதில்: சாப்பிடுங்கள். எடையைக் குறைப்பவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். சேலத்துக் குண்டு என்றால் பாதி.

கேள்வி (ஓமலூர்): மாமா சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுக்கிறார். ஈரலுக்குக் கெடுதல் என்று பயந்து அதை நிறுத்திவிட்டு உணவு மட்டும் பார்க்கலாம் என்கிறார். வார இறுதியில் கொஞ்சம் குடிப்பார்.

பதில்: ஈரலைப் பற்றி அவ்வளவு பயம் இருந்தால் முதலில் நிறுத்த வேண்டியது பாட்டிலை. குடி இந்த நோயையும் ஏற்றும், அந்த மாத்திரையோடு சேர்ந்து ஈரலையும் கெடுக்கும். மாத்திரையைக் குறைப்பதும் மாற்றுவதும் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேச வேண்டியது. இரத்தப் பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். இன்னொன்று: சொரியாசிஸுக்கு அதை வாரம் ஒருநாள்தான் எடுப்பார்கள். தவறுதலாகத் தினமும் விழுங்கியவர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள். எந்தக் கிழமை என்று சீட்டில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒருவர் 'மூலிகைப் பொடி' என்று கொடுத்ததை நான்கு மாதம் சாப்பிட்டேன். படை மாயமாக மறைந்தது. முகம் உப்பியது, பசி அகோரமாக எடுத்தது. உணவியல் படித்தும் எனக்கு உறைக்கவில்லை. பொடியை நிறுத்திய பத்தாம் நாள் உடம்பு முழுக்கச் சிவந்து, காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் படுத்தேன். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார் அங்கிருந்த மருத்துவர். ஸ்டீராய்டை உள்ளுக்குச் சாப்பிட்டுச் சட்டென்று நிறுத்தினால் சொரியாசிஸ் இப்படித்தான் திருப்பி அடிக்கும்.

கேள்வி (அடிவாரம்): வெட்பாலைத் தைலம்?

பதில்: இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதாவாக மாறுமே, அதுதானே? நானும் தடவுகிறேன். செதில் இளகும். சட்டையில் கறை படியும். படை அதிகமானபோது எனக்கு அது மட்டும் போதவில்லை.

கேள்வி (ஆத்தூர்): எனக்குப் படை கொஞ்சம்தான். ஆனால் காலையில் எழுந்ததும் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது, நகத்தில் குழி குழியாக இருக்கிறது. என்ன சாப்பிடலாம்?

பதில்: சாப்பாட்டுப் பேச்சு இப்போது வேண்டாம். இந்த வாரமே மூட்டு மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள். நோய் மூட்டுக்கு இறங்கியிருக்கலாம். மூட்டு ஒருமுறை அரிக்கப்பட்டால் எந்த உணவும் அதைத் திருப்பித் தராது.

கேள்வி (மேச்சேரி): கல்யாணமாகி எட்டு மாதம். எனக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் அத்தை தனியாக வைத்துவிட்டார்கள். என்ன சாப்பிட்டால் சீக்கிரம் போகும் அக்கா?

பதில்: இது தொற்றாதும்மா. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. என் தட்டில் சாப்பிட்டு வளர்ந்த என் மகனுக்கு இப்போது 16 வயது. நீங்கள் சொன்னால் அத்தை கேட்க மாட்டார்கள். அடுத்த முறை சேலம் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போகும்போது அவர்களையும் கூட்டிப்போய் மருத்துவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். குழந்தைக்குத் திட்டமிருந்தால் அதையும் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சில மாத்திரைகள் அப்போது கூடவே கூடாது.