மறைந்த மாஸ்டரின் ஓவியங்கள்: வாசகர் கேள்வி பதில்

கே: எங்கள் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர் காலமாகிவிட்டார். வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய வாட்டர்கலர், பேனா மைச் சித்திரங்கள், ஸ்கெட்ச் நோட்டுகள். முதலாண்டு நினைவு நாளுக்குக் கண்காட்சி வைக்க ஆசைப்படுகிறோம். எதில் தொடங்குவது?
– முன்னாள் மாணவர்கள், கும்பகோணம்

ப: பட்டியலில் தொடங்குங்கள். மண்டபம் பிடிப்பது, பிரேம் போடுவது எல்லாம் அதற்குப் பிறகு. ஓவியர் மறைந்த முதல் சில மாதங்களில்தான் படங்கள் கைமாறிப் போகும். உறவினர் ஒருவர் ஞாபகமாக ஒன்றை எடுத்துக்கொள்வார், மாணவர் ஒருவர் ஒன்றைக் கேட்டு வாங்குவார். ஐந்தாறு வருஷத்தில் எது யாரிடம் இருக்கிறது என்று வீட்டாருக்கே தெரியாமல் போய்விடும். கொடுப்பதில் தவறில்லை, எண் போட்டு, படம் பிடித்து, வாங்குபவர் பெயரைக் குறித்துக்கொண்டு கொடுங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் அடுக்கைக் கலைக்க வேண்டாம். ஒரே கட்டில் கிடப்பவை பெரும்பாலும் ஒரே காலத்தவை. அதில் ஒன்றில் தேதி இருந்தால் மற்றவற்றின் காலத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். கையை நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு, சுத்தமான வெள்ளைத் தாள் மேல் படத்தைக் கவிழ்த்து, பின்புற மூலையில் 2பி பென்சிலால் அழுத்தாமல் எண் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா கூடவே கூடாது: அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும், மையும் ஊறும். நோட்டில் எண்ணுக்கு எதிரே உயரம், அகலம் (சென்டிமீட்டரில், உயரம் முதலில்), வண்ண வகை, கையெழுத்து எந்த மூலையில், பின்னால் என்ன எழுதியிருக்கிறது, சேதம் என்ன, யாரிடம் இருக்கிறது என எழுதுங்கள். தலைப்பு அவர் வைத்திருந்தால் மட்டும் எழுதுங்கள். நீங்களாக ஒன்றைச் சூட்டினால் நாளை அதுவே அவர் வைத்த பெயராகிவிடும். புகைப்படத்தை வெயில் நேராக விழாத பகல் வெளிச்சத்தில், கேமரா படத்துக்கு நேராக நிற்கும்படி எடுங்கள். பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும்.

கையெழுத்து இல்லாத படத்தில் அவருக்காக யாரும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. அன்பால் செய்தாலும் அது போலி. கையெழுத்து உள்ள மற்றப் படங்களின் மேல் சந்தேகம் வரவும் அந்த ஒரு படம் போதும்.

ஸ்கெட்ச் நோட்டிலிருந்து தாளைக் கிழித்துப் பிரேம் போடாதீர்கள். ஓர் ஓவியரின் படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் வளர்ந்த வழி தெரியும். ஓர் உதாரணம் சொல்கிறேன். மெட்ராஸ் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் மாணவர்களோடு சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர், 1977-ல் மறைந்தார். திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் அவர் பெயரில் தனிக்கூடமே இருக்கிறது. 1960-களில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை முந்தைய படங்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவர் எங்கிருந்து அங்கே வந்து சேர்ந்தார் என்று புரிகிறது. உங்கள் மாஸ்டர் ஊருக்கு மட்டும் தெரிந்தவராக இருக்கலாம், அவருக்கும் இந்த முறைதான். நல்லதாக நாற்பதைத் தனியே விற்றுவிட்டு மிச்சத்தைப் பெட்டியில் போட்டால், அவர் வளர்ந்த வழி தெரியாமல் போய்விடும்.

கே: சில வாட்டர்கலர்களில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து வெயிலில் வைக்கலாமா?
– தஞ்சாவூர் வாசகி

ப: இரண்டும் வேண்டாம். காய்ந்த வாட்டர்கலரும் தண்ணீர் பட்டால் கரையும். துடைத்த இடத்தில் வண்ணம் துணியோடு வந்துவிடும். வெயிலில் தாள் சுருளும், நிறம் வெளுக்கும். சிவப்பில் அலிசரின் கிரிம்சன் போன்றவை சீக்கிரம் போகும்.

பூஞ்சணம் பிடித்ததை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ள நிழலான அறையில் தனித்தனியே பரப்புங்கள். மின்விசிறி ஓடலாம், காற்று தாளின் மேல் நேராக அடிக்கக் கூடாது. சில நாளில் பூஞ்சணம் உலர்ந்து பொடியாகும். அதன்பின் முகக்கவசம் (என்95) போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மிருதுவான உலர்ந்த தூரிகையால் படத்தின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்லத் தள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போதே தள்ளினால் அது தாளுக்குள் தேய்ந்து இறங்கிக் கறையாகிவிடும். வண்ணம் தூளாக உதிர்கிறது என்றால் அங்கேயே நிறுத்தி, பழுதுபார்க்கத் தெரிந்த நிபுணரிடம் கொடுங்கள்.

ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் திரும்ப வரும். ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பெட்டி இருக்கும் அறையில் வையுங்கள். 50, 55-ல் நின்றால் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டியல் வேலை வேண்டாம். தை பிறந்து ஈரம் குறைந்ததும் செய்யுங்கள். அதுவரை பெட்டி தரையில் படாமல் பலகை மேல் இருக்கட்டும், வெளிச்சுவரை ஒட்டியும் இருக்க வேண்டாம். அந்துருண்டை பூஞ்சணத்தைத் தடுக்காது. லாமினேஷன் செய்தால் படத்தைத் திரும்ப எடுக்கவே முடியாது. செலோடேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகித் தாளில் ஊறும். மைதாப் பசைக்கு ராமபாணப் பூச்சி வரும்.

பிரேம் கடையில் சொல்ல வேண்டியது: கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, நடுவில் மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டைச் சட்டம்) வைத்து 3 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், ஹார்ட்போர்டு படத்தின் முதுகில் நேராக ஒட்டக் கூடாது, இடையில் அமிலமில்லாத அட்டை வேண்டும், ஒட்டுவதற்குப் பதில் நான்கு மூலையிலும் தாள் முக்கோணம் வைத்துச் செருக வேண்டும். கண்காட்சியில் வாட்டர்கலருக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும். மண்டபம் மங்கலாகத் தோன்றும், சில நிமிஷத்தில் கண் பழகிவிடும்.

கே: என் பழைய டிராயிங் தாள்களில் மாஸ்டர் திருத்திய கோடுகள் இருக்கின்றன. இவையும் கண்காட்சிக்கு உதவுமா?
– மயிலாடுதுறை வாசகர்

ப: கட்டாயம் உதவும். வரைந்த ஓவியத்தில் ஓவியர் தெரிவார். ஆசிரியரைப் பார்க்க வேண்டுமானால் இந்தத் தாள்கள்தான். மாணவர் குடத்தின் வாயை வட்டமாக வரைந்திருப்பார். மாஸ்டர் அதன் மேலேயே கொஞ்சம் அழுத்தமான பென்சிலில் நீள்வட்டமாக்கி, ஓரத்தில் நடு அச்சை ஒரு கோடாக இழுத்துக் காட்டியிருப்பார். பாடம் முழுக்க அந்த ஒரு கோட்டில் இருக்கிறது. அழிரப்பரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அழுக்கென்று நினைத்து அவர் கைபட்டதை அழித்துவிடுவீர்கள். “மாணவர் வரைந்தது, ஆசிரியர் திருத்தியது” என்று தனிப் பிரிவாக வையுங்கள், அவருடைய ஓவியங்களோடு கலக்க வேண்டாம். திருத்தம் எந்த வகுப்பில், என்ன சொல்லித் திருத்தினார் என்பதைத் தாளின் சொந்தக்காரரே பேச, போனில் பதிவு செய்து படத்தின் எண்ணோடு சேர்த்து வையுங்கள். “நல்ல மனிதர்” என்று பத்துப் பேர் சொல்வதைவிட, பிரஷை எப்படிக் கழுவச் சொன்னார், எந்தத் தாள் வாங்கச் சொன்னார் என்று ஒருவர் சொல்வது பயன்படும்.

கே: சுருட்டி வைத்த ஆயில் பெயின்டிங்கில் வெடிப்பு. ஏன்?
– திருவாரூர் வாசகர்

ப: வண்ணம் உட்பக்கமாக வரும்படி, சிறிய உருளையில் சுருட்டியிருப்பார்கள், நெருக்கத்தில் வண்ணம் மடங்கி உதிரும். வண்ணம் வெளிப்பக்கம் இருக்க, 6 அங்குலத்துக்குக் குறையாத விட்டமுள்ள குழாயில் சுத்தமான பருத்தித் துணி சுற்றிச் சுருட்ட வேண்டும். தடித்த பூச்சுள்ளதைச் சுருட்டவே வேண்டாம். ஏற்கெனவே வெடித்ததை நீங்களே விரித்து நிமிர்த்த முயல வேண்டாம்.

கே: அவர் படங்களைக் காலண்டராக அச்சிடலாமா? படம் என்னிடம் இருக்கிறது.
– சிதம்பரம் வாசகர்

ப: படம் உங்களுடையது, அச்சிடும் உரிமை பொதுவாக அவர் வாரிசுகளுடையது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். 2025-ல் மறைந்தவர் என்றால் 2085 டிசம்பர் 31 வரை. வேலையின் பகுதியாகப் பள்ளிக்கு வரைந்து கொடுத்த சுவர்ப்படம் போன்றவற்றில் உரிமை பள்ளிக்கே இருக்கக்கூடும். எத்தனை பிரதி, எந்தெந்தப் படம் (பட்டியல் எண்ணோடு), வரும் பணம் யாருக்கு என்று எழுதி, வாரிசுகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அச்சுக்குக் கொடுங்கள்.