“எடை நார்மல்” என்று திருப்பி அனுப்புகிறார்கள், மகளை எங்கே காட்டுவது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் மகளுக்கு 16 வயது, உயரம் 160 செ.மீ. ஏழு மாதங்களுக்கு முன்பு 68 கிலோ இருந்தாள். இப்போது 51. முதலில் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு காலையிலும் “பசிக்கலை” என்றாள். இப்போது தட்டில் இருப்பதைக் கிளறிக் கிளறி ஒதுக்கிவைக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொள்கிறாள். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது.

டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, “எல்லாம் நார்மல், உயரத்துக்கு ஏற்ற எடைதான்” என்று அனுப்பிவிட்டார். ஓர் ஆலோசகரோ, “அவளே மாற நினைக்கும்போது அழைத்து வாருங்கள்” என்றார். “வயசுக் கோளாறு, கண்டுக்காம விடு” என்கிறார் என் கணவர். உண்ணுதல் கோளாறுக்கென்று தனி மருத்துவமனை எங்கள் பக்கத்தில் இல்லை. யாரிடம் போவது, என்ன கேட்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் நியாயமானது. மகளின் பி.எம்.ஐ. ஏறக்குறைய 20; அதனால்தான் “நார்மல்” என்றிருக்கிறார்கள். ஆனால் ஏழே மாதத்தில் உடல் எடையில் கால்பங்கு போயிருக்கிறது, மாதவிடாயும் நின்றிருக்கிறது. இவ்வளவு வேகமாக எடை இறங்கினால், இன்றைய எடை எவ்வளவாக இருந்தாலும் இதயமும் எலும்பும் பாதிக்கப்படலாம். எடை “நார்மல்” என்று தெரிந்தாலும், எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் இந்த நோயை ஏடிப்பிக்கல் அனோரெக்சியா என்பார்கள். ரத்தப் பரிசோதனை நன்றாக இருப்பதை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது. பட்டினியில் உடல் தன் சத்துகளைக் கரைத்தாவது ரத்தத்தின் அளவுகளைக் காப்பாற்றிக்கொள்ளும். அந்த எண்கள் பெரும்பாலும் கடைசியில்தான் கெடும்.

தனி மருத்துவமனையைத் தேடி நாள் போக வேண்டாம். உடலைக் கண்காணிக்க ஒரு மருத்துவர், முறையான பயிற்சி பெற்ற ஒரு சிகிச்சையாளர், இந்த நோயில் அனுபவமுள்ள ஒரு உணவியல் நிபுணர் என்று மூன்று பேர் வேண்டும். மூவரும் மூன்று இடங்களில் இருந்தாலும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால் போதும். முதலில் மருத்துவர், அதுவும் இந்த வாரமே.

போகும் முன் ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்: தேதிவாரியாக எடை, கடைசி மாதவிடாய் தேதி, தலைசுற்றல், வாந்தி சந்தேகம், உடற்பயிற்சி, நேற்று முழுநாளும் உண்மையில் சாப்பிட்டது என்ன. மகள் உள்ளே வரும் முன் அதை மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். “பசி இல்லை” என்று சொல்லாதீர்கள். “ஏழு மாதத்தில் 25 சதவீதம் எடை குறைந்திருக்கிறது, அனோரெக்சியாவா என்று பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். பிறகு இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: ஐந்து நிமிடம் படுக்கவைத்து நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், எழுந்து நின்றபின் மறுபடி அதே இரண்டும், உடல் வெப்பம், ஈ.சி.ஜி., ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம், சர்க்கரை. தைராய்டு போன்ற வேறு காரணங்களையும் பார்த்துவிடுவார்கள். சிறுநீர் கழித்தபின், மெல்லிய உடையில், எண் அவள் கண்ணில் படாதபடி எடை பார்க்கச் சொல்லுங்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எடையைக் கூட்டிக் காட்டுவது இந்த நோயில் சகஜம்.

பகலில் நாடித்துடிப்பு 50-க்குக் கீழே, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழே, எழுந்து நின்றதும் அந்த எண் 20-க்கு மேல் சரிவது, பொட்டாசியம் அல்லது பாஸ்பேட் குறைவு, ஈ.சி.ஜி.யில் கோளாறு: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்ப்பது பற்றி அன்றே பேச வேண்டும். மயக்கம் போட்டு விழுந்தால், நெஞ்சு வலித்தால், உணவையும் தண்ணீரையும் அறவே மறுத்தால், சாவைப் பற்றிப் பேசினால் எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்தது சிகிச்சையாளர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலத் துறை, குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினர் மனநலப் பிரிவு ஆகியவற்றில் தொடங்குங்கள். போனில் “உண்ணுதல் கோளாறு பார்ப்பீர்களா?” என்று கேட்டால் பலரும் “பார்ப்போம்” என்றுதான் சொல்வார்கள். எந்த முறையில் செய்வீர்கள், பெற்றோருக்கு என்ன வேலை, ஒவ்வொரு சந்திப்பிலும் எடை பார்ப்பீர்களா, எந்த மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். 18 வயதுக்குக் கீழே அனோரெக்சியாவுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது எஃப்.பி.டி. என்ற குடும்பம் சார்ந்த சிகிச்சை. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான வழிமுறை இதன் வேர். முதலில் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோர் முழுதாக எடுத்துக்கொள்வார்கள். எடை ஏற ஏற அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திருப்பித் தருவார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். 

“முதலில் மூல காரணத்தைக் கண்டுபிடிப்போம், சாப்பாடு தானாக வரும்”, “பெற்றோர் தலையிட வேண்டாம்”, “அவளே விரும்பும்வரை காத்திருங்கள்” என்று யார் சொன்னாலும் வேறு ஒருவரைத் தேடுங்கள். பட்டினியில் இருக்கும் மூளைக்கு மாற விரும்புவதே கடினம். அந்த விருப்பம் பெரும்பாலும் எடை ஏறியபின்தான் வரும். உணவியல் நிபுணரைத் தேடும்போதும் கவனம் வேண்டும்: எடை குறைப்பே தொழிலாகக் கொண்டவர் கலோரிப் பட்டியலைக் கையில் கொடுத்தால் நோய்க்குத் தீனி போட்டதாகிவிடும். பக்கத்தில் யாருமே இல்லையென்றால் எஃப்.பி.டி.யைக் காணொளி வழியாகவும் செய்யலாம். உள்ளூர் மருத்துவர் வாரந்தோறும் எடை, நாடி, ரத்த அழுத்தம் பார்த்து அந்தச் சிகிச்சையாளருக்கு அனுப்பினால் போதும். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருந்தால், யாராவது ரத்து செய்யும்போது அழைக்கச் சொல்லிப் பெயர் கொடுத்துவிடுங்கள்.

காத்திருக்கும் நாட்களிலும் வீட்டில் வேலை நடக்க வேண்டும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. இவ்வளவு எடை இழந்தவருக்கு உணவைத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயம் பாதிக்கப்படலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பது இதுதான். எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு, முதல் இரண்டு வாரம் ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

அதன்பின் மூன்று வேளை உணவு, இரண்டு மூன்று சிற்றுண்டி. இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தட்டில் வைப்பது நீங்கள், அவள் அல்ல. ஒவ்வொரு வேளையும் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். உணவுக்கு அரை மணி, சிற்றுண்டிக்குக் கால் மணி. கலோரி, உடல்வாகு பற்றி வாதம் வேண்டாம். “கஷ்டமா இருக்குன்னு தெரியுது கண்ணா, இதுதான் உனக்கு மருந்து, அடுத்த வாய் எடு” என்பதையே அலுக்காமல் சொல்லுங்கள். முடிந்தபின் ஒரு மணி நேரம் குளியலறைக்குப் போகாமல் உங்களோடு இருக்கட்டும். வாந்தி எடுத்துவிட்டால் உடனே பல் துலக்கக் கூடாது. அமிலத்தில் மிருதுவான எனாமல் தேய்ந்துவிடும், தண்ணீரில் வாய் கொப்பளித்தால் போதும்.

கணவரை இந்த வாரச் சந்திப்புக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். படுத்தபோது ஒன்றும் நின்றபோது ஒன்றுமாக நாடித்துடிப்பு எண்களை மருத்துவர் வாயால் கேட்டால் “வயசுக் கோளாறு” என்ற பேச்சு நிற்க வாய்ப்புண்டு. பெற்றோர் இருவரும் ஒரே குரலில் பேசாத வீட்டில் நோய் அந்த இடைவெளிக்குள் புகுந்துகொள்ளும். இது உங்கள் வளர்ப்பால் வந்ததா என்ற கேள்வியில் இருவரும் நேரம் செலவிட வேண்டாம்; இந்த நோய்க்குப் பெற்றோர் காரணம் என்ற பழைய கருத்து கைவிடப்பட்டுவிட்டது.

எஃப்.பி.டி. தொடங்கி முதல் நான்கு வாரத்தில் சுமார் 2 கிலோ ஏறினால் வழி சரி என்று கொள்ளலாம். ஏறவில்லையென்றால் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள், “எதை மாற்றப் போகிறோம், பகல்நேரச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா?” என்று ஐந்தாவது வாரமே கேளுங்கள்.