மலை வீட்டில் சுருட்டு வைப்பது, வாங்குவது: கேள்வி பதில்

கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் 14 வருடமாக இருக்கிறேன். மாதம் இரண்டு சுருட்டு, விருந்தாளி வந்தால் மூன்று. என் பெட்டியில் 25 சுருட்டுக்கு மேல் இடமில்லை. பழனி மலையின் பல ஊர்களிலிருந்து, புதிதாக வாங்கி வைக்க ஆரம்பித்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பழக்கம் இல்லாதவர்கள் தயவுசெய்து தொடங்க வேண்டாம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் சுருட்டால் வாய், தொண்டை, உணவுக்குழாயில் புற்றுநோய் வரும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு ஈடான புகையிலை இருக்கலாம். ஏற்கெனவே பிடிப்பவர்கள் குறைவாக வாங்கவும், வாங்கியதைக் கெடாமல் வைக்கவும்தான் இதை எழுதுகிறேன்.

பெருமாள்மலையிலிருந்து: அண்ணே, இங்கே எந்நேரமும் மூடுபனி. காற்றிலேயே இவ்வளவு ஈரம் இருக்கும்போது ஹியூமிடார் என்கிற ஈரப்பதப் பெட்டி எதற்கு? மேசை டிராயரில் போட்டால் போதாதா?

இதே நினைப்பில்தான் நான் முதலில் வாங்கியதில் 18 சுருட்டைக் குப்பையில் போட்டேன், தம்பி. கையால் சுற்றிய சுருட்டுக்கு 65லிருந்து 69 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். வெப்பம் 16லிருந்து 20 டிகிரி வரை இருந்தால் நல்லது. நம் மலையில் வெப்பத்துக்குக் கவலையில்லை. ஈரம்தான் ஒரு இடத்தில் நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் அறைக்குள்ளேயே 90 சதவீதத்தைத் தாண்டும். தை, மாசியில் வானம் வெளுத்து, ராத்திரி பனி கொட்டுகிற நாட்களில் மதியம் 45 வரை இறங்கியதை என் வீட்டு ஈரப்பதமானியிலேயே பார்த்திருக்கிறேன். ரூம் ஹீட்டர் போட்டால் இன்னும் இறங்கும்.

புகையிலை காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து ஊதும், காற்று காய்ந்தால் விட்டுச் சுருங்கும். சுருட்டின் மேல் இலை மிக மெல்லியது. உள்ளே இருக்கிற இலைகள் ஊதும்போது அதனால் தாங்க முடியாமல் வெடித்துவிடும். 75 சதவீதத்துக்கு மேல் போனால் பூசணம் பிடிக்கும். நம் ஊரில் பெட்டி செய்ய வேண்டிய வேலை, ஈரத்தை ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் பிடித்து நிறுத்துவது.

அந்த 18 சுருட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 50 சுருட்டு பிடிக்கும் என்று சொல்லி விற்ற மரப் பெட்டி அது. ஈரம் கொடுக்க உள்ளே ஒரு நனைத்த பஞ்சு. அதைக் கல்சுவரில் பதித்த அலமாரிக்குள் வைத்துவிட்டு, கார்த்திகை மாதம் ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போய் மூன்று வாரம் தங்கிவிட்டேன். வெளிச்சுவர் ராத்திரியில் குளிர்ந்து வியர்க்கும். பெட்டி அந்தச் சுவரை ஒட்டி இருந்தது. திரும்பி வந்து திறந்தபோது பச்சையும் நீலமுமாகப் பஞ்சு மாதிரி முளைத்திருந்தது. வெளிச்சுவரை ஒட்டி எந்தப் பெட்டியையும் வைக்காதீர்கள். வீட்டின் நடுவில் இருக்கிற உள்சுவர் அலமாரி, கீழ்த்தட்டு. ஜன்னல் பக்கமும் வேண்டாம், சமையலறையும் வேண்டாம்.

வில்பட்டியிலிருந்து: என்னிடம் 20 சுருட்டுக்கு மேல் சேராது சார். மரப் பெட்டி வாங்குவதா, பிளாஸ்டிக் டப்பா போதுமா?

டப்பா போதும். மூடியில் ரப்பர் வளையம் இருக்கிற, நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற, சாப்பாட்டுப் பொருள் வைக்கிற 3 லிட்டர் டப்பா. கண்ணாடியிலும் இப்படி வருகிறது. புதுப் பிளாஸ்டிக் வாடை சுருட்டில் ஏறும் என்பதால் கழுவி, மூடியைத் திறந்து சில நாள் காற்றாட விடுங்கள். மூக்கை உள்ளே விட்டால் எந்த வாடையும் வரக்கூடாது. பிறகு 65 சதவீதம் என்று எழுதிய 60 கிராம் போவேடா கம்பெனி ஈரப்பதப் பாக்கெட் ஒன்றும், சின்ன ஈரப்பதமானி ஒன்றும் உள்ளே. அந்த அளவுப் பாக்கெட் 25 சுருட்டு வரை தாங்கும். ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் தானே இழுத்துக்கொள்ளும். நம் மழைக்காலத்துக்கு இந்த இரண்டாவது குணம்தான் முக்கியம். நனைத்த பஞ்சுக்கு அது கிடையாது. பாக்கெட்டை விரலால் அழுத்தும்போது கூழாக இருந்தால் வேலை செய்கிறது. உள்ளே கற்கண்டு மாதிரி நெறுநெறுத்தால் மாற்றுங்கள். வாரம் ஒரு தடவை மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்று மாற விட வேண்டும். மழை கொட்டும்போது மட்டும் திறக்காதீர்கள்.

மரப் பெட்டியின் அழகு எனக்கும் பிடிக்கும். உள்ளே போடுகிற மரத்தை ஸ்பானிஷ் சிடார் என்பார்கள். அது உண்மையில் தேவதாரு இனமே கிடையாது, நம் வேம்பின் குடும்பத்து மரம், மகோகனிக்கும் சொந்தம். ஈரத்தைச் சமமாக வைத்திருக்கும், நல்ல வாசனை தரும். ஆனால் மலிவான மரப் பெட்டிகளில் மூடி சரியாக உட்காராது. ஒரு துண்டுத் தாளை மூடிக்கு நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எந்தத் தடையும் இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்தப் பெட்டி நம் மலைக்கு ஆகாது. சரியாக மூடுகிற பெட்டி கிடைத்தாலும் உடனே சுருட்டை அடுக்கக் கூடாது. காய்ந்த மரம் சுருட்டின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். 84 சதவீதப் பாக்கெட்டைப் போட்டு இரண்டு வாரம் மூடி வைத்து மரத்தைப் பழக்கிய பிறகுதான் சுருட்டு. ஈரத் துணியால் துடைத்தால் மரம் முறுக்கிக்கொள்ளும்.

தாண்டிக்குடியிலிருந்து: அப்பாவுக்காகக் கேட்கிறேன். வீட்டில் நிறைய எவர்சில்வர் சம்படம் இருக்கிறது, அதில் வைக்கலாமா அண்ணா?

வேண்டாம்மா. சம்பட மூடி காற்றைப் பிடிக்காது. ராத்திரிக் குளிரில் எவர்சில்வர் சட்டென்று சில்லிட்டு உள்பக்கம் வியர்க்கும். பக்கத்தில் காபிக்கொட்டை மூட்டை இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வாடை ஏறும், அந்த அறையிலும் வேண்டாம்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம்பலாமா?

நம்புவதற்கு முன்னால் உப்பு வைத்துச் சோதியுங்கள். பாட்டில் மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைவாக்குங்கள். உப்பு கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது. அந்த மூடியையும் மானியையும் ஒரு ஜிப்லாக் கவருக்குள் வைத்து, உப்பு மானியில் படாமல் இறுக்கி மூடி, ஒரு முழு நாள் விடுங்கள். கவருக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு வந்து நிற்கும். மானி 75 காட்டினால் சரி. 70 காட்டினால் அது எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது, பார்க்கும்போது 5 கூட்டிக்கொள்ளுங்கள். என்னுடைய முதல் மானி 8 குறைத்துக் காட்டியது. 67 என்று நம்பிக்கொண்டிருந்தது உண்மையில் 75. பூசணத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அவரே மறுபடி: அப்படியென்றால் உப்பையே டப்பாவில் வைத்துவிடலாமே, பாக்கெட் காசு மிச்சம்?

நல்ல கேள்வி. ஆனால் 75 என்பது பூசணத்தின் வாசற்படி. போதாததற்கு உப்பு மெல்ல மெல்ல மூடியின் விளிம்பு ஏறி வெளியே பூக்கும். சோதனைக்கு மட்டும் உப்பு.

பண்ணைக்காட்டிலிருந்து: 25 சுருட்டுப் பெட்டியாக வாங்கினால் ஒன்றின் விலை குறைகிறது. என் டப்பா முழுக்கவே 25தான் பிடிக்கும். எப்படி வாங்குவது?

புதிதில் பெட்டியாக வாங்கவே வாங்காதீர்கள். உங்கள் நாக்குக்கு எது பிடிக்கும் என்று இன்னும் உங்களுக்கே தெரியாது. பிடிக்காத ஒரே சுருட்டு 25 இருந்தால் வேறு எதற்கும் இடமில்லை. கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை, ஒரு வகையில் இரண்டு வாங்குங்கள். ஒன்றை இப்போது, இன்னொன்றை மூன்று மாதம் கழித்து. அப்போதுதான் வைப்பதில் ஏதாவது மாறுகிறதா என்பதே தெரியும். டப்பாவில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். காற்று சுற்றி வர இடம் வேண்டும். நான் 18ல் நிறுத்துவேன். ஒன்று வெளியே போனால்தான் ஒன்று உள்ளே வரும். மாதம் இரண்டு பிடிப்பவருக்கு 18 என்பதே ஒன்பது மாதத்துக்குக் காணும். தள்ளுபடி என்று பார்த்ததும் கை பரபரக்கும், எனக்கும் பரபரத்திருக்கிறது. டப்பாவைத் திறந்து இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அளவையும் யோசிக்க வேண்டும். 50 பிடிக்கும், 25 பிடிக்கும் என்று பெட்டிக்காரர்கள் சொல்வது ஒல்லிச் சுருட்டைக் கணக்கு வைத்து. சுருட்டின் கனத்தை ஓர் அங்குலத்தில் 64ல் ஒரு பங்காக எண்ணுவார்கள். ரொபுஸ்டோ என்கிற அளவு 5 அங்குல நீளம், 50 கனம், அதாவது ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். பெட்டிட் கொரோனா (petit corona) என்கிற அளவு கிட்டத்தட்ட அதே நீளம்தான், கனம் 42. இடம் குறைந்தவர்களுக்கு நான் சொல்வது பெட்டிட் கொரோனா. நம் குளிரில் வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. அரை மணி நேரத்தில் முடிகிற சுருட்டு போதும்.

கடையில் கேட்டுக் கையில் வாங்கி, இரண்டு விரலால் மெதுவாக அழுத்துங்கள். லேசாக அமுங்கித் திரும்ப வர வேண்டும். சருகு மாதிரி மொறுமொறுத்தால் காய்ந்துவிட்டது. ஒரு பக்கம் கல்லாகவும் ஒரு பக்கம் பொத்தென்றும் இருந்தால் சரியாகச் சுற்றவில்லை. கடைக்காரர் எதில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். வெயில் அடிக்கிற கண்ணாடி அலமாரியில், மானிகூட இல்லாமல் வைத்திருந்தால் எவ்வளவு பேர் பெற்ற சுருட்டானாலும் விட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பற்ற வைக்காமல் இரண்டு வாரம் டப்பாவில் ஓய்வு கொடுங்கள். காய்ந்துபோனது கைக்கு வந்துவிட்டால் முதலில் 62 சதவீதப் பாக்கெட்டோடு சில வாரம், பிறகு 65. அவசரப்பட்டு ஈரம் ஏற்றினால் மேல் இலை வெடிக்கும்.

கொடைக்கானல் டவுனிலிருந்து: கோவா போனபோது கண்ணாடி மூடி போட்ட கோஹிபா என்கிற கியூபச் சுருட்டுப் பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தது. அசலா சார்?

போலி. கோஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதே இல்லை. அசல் கியூபப் பெட்டியில் பச்சை வெள்ளை அரசு முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். அடிப்பக்கம் சூட்டு முத்திரையாக, கியூபாவில் முழுக்கக் கையால் செய்தது என்று ஸ்பானிஷ் மொழியில் இருக்கும். பக்கத்தில் தொழிற்சாலைக் குறியும் பெட்டி கட்டிய மாதமும் வருடமும். போலிக்காரர்கள் இதையும் செய்கிறார்கள் என்பதால், பாதி விலை என்பதே முதல் எச்சரிக்கை. நீங்கள் வாங்கியதைப் பிடிக்காதீர்கள். உள்ளே என்ன அடைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பாச்சலூரிலிருந்து: தம்பி துபாயிலிருந்து வருகிறான். எத்தனை கொண்டு வரலாம்?

ஒருவருக்கு 25 சுருட்டு வரை சுங்கவரி இல்லை. 100 சிகரெட்டோ 125 கிராம் புகையிலையோ கொண்டுவந்தால் சுருட்டுக்குச் சலுகை கிடையாது, மூன்றில் ஒன்றுதான். உங்கள் டப்பா கொள்கிற அளவைச் சொல்லி அனுப்புங்கள்.

பூம்பாறையிலிருந்து: டப்பா நன்றாக மூடுகிறது, ஈரமும் 66ல் நிற்கிறது. ஆனாலும் சுருட்டில் ஏதோ வாடை அடிக்கிறது அண்ணே.

பூண்டுக்குப் பேர் போன பூம்பாறை என்றதுமே புரிந்துவிட்டது. பூண்டு எந்த அறையில் இருக்கிறது? மேலே பரணில் பூண்டும் கீழே சுருட்டும் இருந்தால், திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த வாடை உள்ளே போகும். புகையிலை எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். நம் வீடுகளில் இன்னொரு வில்லங்கம் தைலம். சளிக்கு யூகலிப்டஸ் தைலம் தேய்த்த கையோடு டப்பாவைத் தொட்டால்கூடத் தெரியும். பாச்சா உருண்டை, கற்பூரம், ஊதுபத்தி எல்லாமே இந்தக் கணக்குதான். டப்பாவை வேறு அறைக்கு மாற்றி, சுருட்டுகளை வெளியே எடுத்து டப்பாவைக் கழுவிக் காயவைத்து, ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். லேசான வாடை போகும். தைலம் ஏறியது போகாது.

வத்தலக்குண்டிலிருந்து: நான் மலைக்குக் கீழே இருக்கிறேன். சுருட்டில் ஊசியால் குத்தியது மாதிரி ஓட்டைகள். என்ன அது?

புகையிலை வண்டு. மஞ்சள் தூள், மல்லி டப்பாவில் வருமே, பழுப்பு நிறத்தில் 2, 3 மில்லிமீட்டர் நீளத்தில், அதேதான். முட்டை புகையிலையிலேயே இருக்கும், சூடு கூடினால் பொரிக்க ஆரம்பிக்கும். உங்கள் ஊர் வெயிலுக்குக் கேட்க வேண்டுமா? ஓட்டை விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள். மிச்சத்தை இரண்டு ஜிப்லாக் கவருக்குள் காற்றில்லாமல் மூடி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வையுங்கள். பிறகு கீழே ஃப்ரிட்ஜில் ஒரு நாள், வெளியே ஒரு நாள். அதுவரை கவரைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் சில்லிட்ட இலையில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். டப்பாவைத் துடைத்துப் பழைய தூளை எல்லாம் தட்டிவிடுங்கள். மலையில் இருப்பவர்களும் கீழிருந்து வாங்கி வருவதை ஒரு தடவை இப்படிச் செய்துவிடுவது நல்லது. ஆனால் ஃப்ரிட்ஜிலேயே நிரந்தரமாக வைக்காதீர்கள், அதன் காற்று இலையைக் காயவைத்துவிடும்.

ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர்: விருந்தினர்களுக்காகச் சில சுருட்டு வாங்கி விற்கலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்பதும், பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் குற்றம். நம் ஊரில் பள்ளிக்கூடம் இல்லாத தெரு எது? யாராவது தாங்களே கொண்டுவந்து பிடித்தால், சுருட்டுத் துண்டைப் போட மணல் நிரப்பிய சட்டி ஒன்று வையுங்கள். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது ஒரு துண்டு போதும், மலை எரிய.

கும்பரையூரிலிருந்து: ஐயா, கருப்பசாமிக்குப் படைக்க வருடா வருடம் திண்டுக்கல்லில் கட்டுச் சுருட்டு வாங்குகிறோம். மிச்சத்தை அடுத்த வருடம் வரை வைக்கலாமா? உங்கள் டப்பாவில் அதுவும் போகுமா?

சாமிக்குப் படைக்கிற நாட்டுச் சுருட்டைக் குறைவாக நினைக்காதீர்கள். திருச்சி உறையூர்ச் சுருட்டு 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து வரை போனது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் மலை அடிவாரத்து மண்ணுக்கு அவ்வளவு பழைய தொடர்பு.

நாட்டுச் சுருட்டு கொஞ்சம் காய்ந்தே இருக்கும், அதற்கு 60, 62 சதவீதம் போதும். காரமும் வாடையும் அதிகம் என்பதால் மற்றதோடு சேர்க்காமல் தனி டப்பா. தாள் சுற்றியிருந்தால் பிரித்துவிட்டு வையுங்கள், தாளில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். புதுக் கட்டைப் பிரிக்கும்போது மூக்கில் ஏறுகிற நெடி அடித்தால் இலை இன்னும் ஆறவில்லை. அது வைக்க வைக்கக் குறையும். ஃப்ரீசரில் நான்கு நாள் போட்டு எடுத்து வைத்தால் அடுத்த வருடப் படையல் வரை தாங்கும். ஆனாலும் சாமிக்கு வைப்பதைப் புதிதாக வாங்குங்கள், மிச்சத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.