மலையைக் கடக்கப் பதினோரு நாட்கள்

அன்புள்ள ஐயா,

கிழக்கு ரோமானியப் பேரரசான பைசாந்தியத்தின் சாயலில் எழுதப்பட்ட ஒரு வரலாற்று மிகுபுனைவு (ஃபேண்டசி) நாவலை நான்கே இரவுகளில் படித்து முடித்தேன். அன்றிலிருந்து வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. இல்லாத ஒரு நகரத்துக்காக ஏங்குகிறேன். தப்பிப்பதற்குக் கப்பல் காத்திருந்தும் அரசி ஏன் ஏறவில்லை என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரலாறு படித்த நண்பர் ஒருவர், ‘பொய்க்காக உருகுகிறாயே’ என்கிறார். இத்தகைய நாவல்கள் வரலாற்றறிவைக் கெடுத்துவிடுமா? அடுத்து எதைப் படிக்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியல் தரமாட்டேன். நான்கு இரவில் விழுங்கிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவது வாசிப்பே அல்ல. அதையே மறுபடி படியுங்கள். நண்பரின் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஆனால் அந்த ஏக்கம் எனக்குத் தெரியும். பதினான்கு வயதில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு நாவலில் கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை. தைத்த நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பொறுக்கமாட்டாமல் முடிவை நானே எழுதினேன். என் படை ஒரே இரவில் பனிமலையைக் கடந்து கோட்டையைப் பிடித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து முழுப் பிரதி கிடைத்தது. அதில் மலையைக் கடக்கவே பதினோரு நாட்கள் ஆகின்றன. கோவேறு கழுதைகள் சறுக்கி விழுகின்றன. ஒரு சமையல்காரன் உறைந்துபோன மாவு உருண்டையை அக்குளில் இடுக்கி இளக்குகிறான். அந்தச் சமையல்காரனைப் படித்ததும் என் நோட்டைக் கிழித்துப்போட்டேன்.

மிகுபுனைவு என்றால் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நினைத்து எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. எதுவும் நடக்கலாம் என்றால் எதற்கும் விலை இல்லை. விலை இல்லாத உலகத்துக்காக யார் ஏங்குவார்கள்?

உங்கள் அரசியின் ஊதா அங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாயம் கடல் நத்தையிலிருந்து வந்தது. நத்தையின் ஓட்டை உடைத்து, உள்ளிருக்கும் சிறு சுரப்பியை எடுத்து, நாட்கணக்கில் சூடேற்ற வேண்டும். நாற்றம் தாங்காமல் சாயப்பட்டறைகளை ஊருக்கு வெளியே வைத்தார்கள். 1909இல் ஃப்ரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து சாயம் எடுத்துப் பார்த்தார். கிடைத்தது 1.4 கிராம். ஓர் அங்கியின் கரைக்குத்தான் போதும். இன்றைய லெபனானில் உள்ள சீதோன் நகரில் அந்த ஓடுகள் குன்றாகவே குவிந்து கிடந்தன.

532இல் பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளில் நீக்கா கலகம் என்ற மக்கள் கிளர்ச்சி வெடித்தபோது பேரரசர் ஜஸ்டினியன் தப்பியோடுவதைப் பற்றி ஆலோசித்தார். கடல் இருந்தது, கப்பல்களும் இருந்தன. இந்த அரச ஊதாவை விட்டுப் பிரிந்து வாழும் நாள் எனக்கு வரவேண்டாம் என்று பேரரசி தியோடோரா சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதியிருக்கிறார். அவர்கள் போகவில்லை. கலகம் அடக்கப்பட்டபோது முப்பதாயிரம் பேர் மாண்டார்கள் என்பதும் அவர் தரும் கணக்குதான். அந்த அங்கியின் விலையில் அவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

உங்கள் நாவலாசிரியர் ஒரு பேரரசையே கற்பனை செய்தார், ஆனால் சாயத்தின் நாற்றத்தை விட்டுவிடவில்லை. துறைமுக அத்தியாயத்தில் அரசி அங்கியின் கரையை முகர்ந்து பார்க்கிறாளே, அந்தப் பக்கத்தை மெதுவாகப் படியுங்கள். அவள் ஏன் கப்பலேறவில்லை என்று அதன்பிறகு எனக்கு எழுதுங்கள்.